மூன்றாம் தரம் சொல்லாத ஏலம்

பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளிக்கு விலை கூவிய அதே குரலோடு எங்கள் வார்டுக்குள் வந்தவரே! தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சிறிய மிஷன் மருத்துவமனையில், பதினெட்டு ஆண்டுகள் பயந்தவர் பக்கத்தில் பாய்ந்து போய் நின்றவரே! 'ஜெப ஊழியர்' என்று எழுதிய வில்லையைச் சட்டையில் குத்த வெட்கப்பட்டுப் பையிலேயே வைத்திருந்தவரே! பணி நிறைவு பெறும் எங்கள் சுவிசேஷமுத்து அண்ணாச்சி அவர்களே!

இரவுப் பணி முடிந்து, கண் எரிய, வீட்டுக்குப் போகாமல் நிற்கிறோம். இதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் இல்லை. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல உங்கள் கதையை இந்தச் சபைக்குச் சொல்கிறோம். பிழை இருந்தால் பிறகு திட்டுங்கள்.

சுவிசேஷமுத்து என்று பெயர் வைத்தது அவருடைய அம்மா. அந்தப் பெயருக்கும் அவருக்கும் வெகுகாலம் எந்தச் சம்பந்தமும் இல்லை. கமிஷன் கடையில் ஏலம் கூறுவது அவர் வேலை. அவர் வாயைத் திறந்தால் சந்தையின் அடுத்த முனையில் இருக்கும் டெம்போக்காரர் திரும்பிப் பார்ப்பார். குடலிறக்கத்துக்காக இங்கே படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஆப்பரேஷனுக்குப் பயந்து நடுங்கியவரிடம் கத்தரிக்காய் வியாபாரக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தே உள்ளே அனுப்பினார். அதைப் போதகர் ஐயரவாள் வாசலில் நின்று பார்த்துவிட்டார். ஜெப ஊழியர் இடம் அப்போது காலியாக இருந்தது.

"நீரு இந்த ஊழியத்துக்கு வாரும்" என்றார் ஐயரவாள்.

"நானா? வாயத் தொறந்தா கெட்ட வார்த்தைதான் முதல்ல வரும் ஐயரவாள்."

"மோசேக்குந்தான் வாய் திக்குச்சு. ஆண்டவர் விட்டாரா?"

"அவரு திக்கினாரு. நான் திக்க மாட்டேன். அதுதான பிரச்சினையே!"

ஐயரவாள் சிரித்தார், விடவில்லை. அண்ணாச்சியும் அரை மனதாகச் சம்மதித்தார். முதல் வாரம் படுதோல்வி. ஐயரவாளைப்போலவே செந்தமிழில் ஜெபம் பண்ணப் பார்த்தார். பாதியில் வார்த்தை தீர்ந்துபோகும். கண்ணைத் திறந்தால் நோயாளி தூங்கியிருப்பார். தூங்காதவர்கள் அவரைப் பாவம் என்று பார்த்தார்கள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. ஆண்டவர் ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார் என்று முடிவு கட்டினார். சனிக்கிழமையோடு நின்றுகொள்வது, திங்கட்கிழமை பழையபடி ஏலத்துக்குப் போவது. கமிஷன் கடைக்கும் சொல்லி அனுப்பியாயிற்று.

அந்தச் சனிக்கிழமை மதியம் பெண்கள் வார்டிலிருந்து ஷெர்லின் சிஸ்டர் ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, ஆய்க்குடி ஆச்சி பையத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாவ. பித்தப்பைக் கல்லு, இன்னைக்கே எடுக்கணும். டாக்டரம்மா சொல்லியும் கேக்க மாட்டேங்காவ. வந்து ஒரு ஜெபம் பண்ணுங்க."

முப்பிடாதியம்மாள் ஆச்சி கட்டில் ஓரத்தில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். வலியில் முகம் சுருங்கியிருந்தது. வாய் மட்டும் சுருங்கவில்லை.

"நீரு யாரு வே?"

"ஜெபம் பண்ண வந்திருக்கேன் ஆச்சி."

"எங்க அம்மன்கிட்ட நான் சொல்லிட்டேன். நீரு உம்ம சாமிகிட்ட புதுசா என்னத்தச் சொல்லப் போறீரு?"

"தெரியல ஆச்சி. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பயந்தவனா? அப்போ உண்மையத்தான் சொல்லுவீரு. சரி, பண்ணும்."

அண்ணாச்சி கண்ணை மூடினார். செந்தமிழ் ஒரு சொல்லும் வரவில்லை. கடைசியில், வாய் பழகிய வழியிலேயே போனது.

"ஆண்டவரே, ஆய்க்குடி ஆச்சி வந்திருக்கா. முதல் தரம். அழுகல் இல்ல, வாடல் இல்ல. உள்ள ஒரு கல்லு மட்டும் கிடக்கு. அதை எடுத்துப்போட்டு ஆளைப் பத்திரமாத் திருப்பித் தந்துரும். ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

ஆமென் சொல்ல மறந்துவிட்டது. வார்டே அதிர்ந்து சிரித்தது. ஷெர்லின் சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று அண்ணாச்சி நின்றார்.

"ஏ, என்னைய யாருக்கு வே ஏலம் போட்டீரு?" என்றார் ஆச்சி.

"டாக்டரம்மாவுக்குத்தான் ஆச்சி."

"சரக்கைத் தள்ளிவிட்டுட்டு ஓடிரப் பாக்கீரோ? நான் வெளிய வரும்போது வாசல்ல நிக்கணும்."

"நிப்பேன்."

ஆச்சி பையை அவர் கையில் கொடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரில் ஏறினார். கதவு மூடியது. அந்தப் பையோடு அண்ணாச்சி சாயங்காலம் வரை வாசலை விட்டு நகரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. மயக்கம் தெளிந்து வெளியே வந்த ஆச்சி அவரைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"பேசாதேயும், சிரிச்சா தையலு வலிக்கும்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "நாளைக்கும் வருவீரா?"

"வாரேன் ஆச்சி."

அவ்வளவுதான். வானத்திலிருந்து ஒளி எதுவும் இறங்கவில்லை. திங்கட்கிழமை பாவூர்சத்திரத்தில் வேறொருவர் ஏலம் கூறினார்.

அதன்பிறகு அண்ணாச்சி செந்தமிழைத் தொடவே இல்லை. செங்கோட்டை வழியாக வந்த மலையாளிகளுக்காக, கேரளா வியாபாரிகளிடம் விலை பேசிய மலையாளத்திலேயே ஜெபித்தார். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் பாறையில் வழுக்கிக் கை முறித்துக்கொண்டு வரும் பையன்களிடம், "ஏலே, குளிக்கப் போனியா, குதிக்கப் போனியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார். அவர் பயந்த கெட்ட வார்த்தையும் ஒருமுறை வந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் காலில் விழுந்த அன்று. அதற்கு அந்த வார்த்தை தகும் என்று ஷெர்லின் சிஸ்டரே சாட்சி சொன்னார்.

இப்போதும் தினம் காலையில் வார்டு வாசலில் நின்று, "நான் லாயக்கு இல்ல, நீரே பாத்துக்கிடும்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். அவர் குரலில் அதை முணுமுணுத்தால் மாடிக்கே கேட்கும். அண்ணாச்சி, நாங்கள் மறுத்துப் பேசப் போவதில்லை. உங்களுக்குப் பாட வராது. வசனம் பாதியில் மறந்துபோகும். சாவு வீட்டு முகத்தை வைத்துக்கொள்ளச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் கதவு திறந்தபோதெல்லாம் வாசலில் நீங்கள் நின்றீர்கள். அழைத்தவருக்கு இது தெரிந்தே இருந்திருக்கும்.

நல்ல உடம்போடு, நிறைந்த மகிழ்வோடு, அடுத்த சாரலிலும் அதற்கடுத்த சாரல்களிலும் பேரப்பிள்ளைகளைக் குரலாலேயே நனைத்து நீங்கள் நெடுநாள் வாழ வேண்டும்! ஆண்டவர் அதற்கு அருள் செய்ய வேண்டும்!

முறைப்படி இப்போது உங்களுக்கு விடை கொடுக்க வேண்டும். நீங்கள் கற்றுத் தந்த முறைப்படியே கொடுக்கிறோம்.

ஒரு தரம்!

ரெண்டு தரம்!

மூன்றாவதைச் சொல்ல மாட்டோம். சொன்னால் நீங்கள் கைமாறிப் போய்விடுவீர்கள். நாளைக்கும் வருவீர்களா, அண்ணாச்சி?

இப்படிக்கு,
தூக்கத்தை நாளைக்கு ஒத்திவைத்திருக்கும்
இரவுப் பணி ஊழியர்கள்