எட்டாவது பெட்டி

பெயர்: யோகராணி மகேஸ்வரன். வயது: 57. தொழில்: வீடுகளுக்குச் சென்று முதியோரைப் பராமரித்தல். வசிப்பிடம்: அஜின்கோர்ட், ரொறன்ரோ. 2024 மே 6ஆம் திகதி பொலிஸ் நிலையத்தில் தமிழில் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் பதியப்பட்டது.

என்னை ஒருவரும் கூப்பிடவில்லை, நானாகவே வந்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில் மாடிக் கட்டடமொன்றில் வசித்துக் காலஞ்சென்ற லியொனித் வராவின் என்பவரின் வீட்டிலிருந்து எட்டுச் சினிமாப் படச்சுருள் பெட்டிகளைத் திருடியதாக, அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுப்பரின்டென்டன்ட் இரத்தினவேல் அண்ணை மீது வராவினின் மகள் முறைப்பாடு செய்திருக்கிறார். அண்ணையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேலையோடு கிடைத்த வீட்டையும் மாத முடிவில் விட வேண்டுமாம். அவர் எடுக்கவில்லை. எறிந்தவள் நான்.

வராவின் சோவியத் காலத்தில் படம் இயக்கியவர். இரண்டு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்தேன். மார்ச்சில் அவர் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது, கரப்பானுக்கு மருந்தடிக்க வருவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அண்ணை கதவைத் திறந்துவிட, நான் சாமான்களை ஒதுக்கினேன். கட்டிலுக்கடியில் துருப்பிடித்த எட்டுத் தட்டைத் தகரப் பெட்டிகள் இருந்தன. மூடிகள் திறபடவில்லை. வினாகிரியின் புளித்த மணம் மூக்கைத் துளைத்தது. எப்போதோ போட்டு மறந்த அச்சாறு பழுதாகிவிட்டது என்று நினைத்து, கரப்பான் ஏன் வராது என்று கிழவனை மனதுக்குள் ஏசியபடி குப்பை அறையில் கொண்டுபோய் வைத்தேன். பழைய பிலிம் பழுதானால் அப்படி மணக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அதன் பிறகு 26ஆம் திகதி அவர் வீடு வந்து, முதல் வேலையாகக் கட்டிலுக்கடியைப் பார்த்துவிட்டு, பெட்டிகள் எங்கே என்று கேட்டார். "நான் காணேல்லை" என்றேன். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை முகம் வழித்துக்கொண்டிருந்தபோது, அவை என்ன மணம் மணந்தன என்று கேட்டார். "வினாகிரி" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தின் பின் மற்றக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.

அதன் பிறகு நான் போகும் நாளுக்கு ஒரு பெட்டியாக அந்தப் படத்தை எனக்குச் சொன்னார். 1974இல் எடுத்தது. போருக்குப் போன மகனுக்காக ஒரு தாய் தினமும் தோய்த்து மடித்த சேட்டோடு ரயில் நிலையத்துக்கு வருகிறாள். ஐந்து அதிகாரிகள் பார்த்துவிட்டு, எங்கள் நாட்டில் இப்படி ஒரு தாய் இல்லை என்று தடை செய்தார்களாம். எங்கே போய் முட்டிக்கொள்வது. மூலச் சுருளை எரித்தார்கள். ஒரு பிரதியை அவர் ஒளித்து வைத்திருந்து கனடாவுக்குக் கொண்டுவந்தார். தடைக்குப் பிறகு சோவியத்தில் பதினைந்து வருடம் மாட்டுக்கு ஊசி போடுவதைத்தான் படமெடுக்க விட்டார்கள். இங்கே கார் நிறுத்துமிடத்தில் ரிக்கற் கொடுத்தார்.

மூன்றாம் பெட்டி சொன்ன அன்று என்னை அறியாமல் தமிழில், "எங்கடை அம்மாவும் உப்பிடித்தான், தம்பி வருவான் எண்டு இருந்தவ" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் சூப் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 23ஆம் திகதி ஏழாம் பெட்டி. ரயில் வந்து நிற்கிறது, கதவுகள் திறக்கின்றன. மகன் இறங்கினானா என்று கேட்டேன். களைப்பாக இருக்கிறது, வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார். வியாழக்கிழமை இறந்துபோனார்.

மரணச் சடங்கில் மகளிடம் படத்தின் முடிவைக் கேட்டேன். அப்பா தனக்கு அந்தப் படத்தை ஒருநாளும் சொன்னதில்லை என்றார். என் நெஞ்சு ஆறவில்லை. ஏழு பெட்டியையும் சொல்கிறேன், எழுதுங்கள் என்று இங்கே கேட்டேன். வழக்குக்குத் தேவையில்லை என்று அலுவலர் சொன்னார்.

இவ்வளவையும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் உண்மை. பெட்டிகளை நான் காணவில்லை என்று வராவினிடம் சொன்னது ஒன்றுதான் பொய். இரத்தினவேல் அண்ணையை விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளை இறங்கினானா என்று எனக்குத் தெரியாது.

(ஒப்பம்) ம. யோகராணி