மரத்து நூல்

டொக்டர்: அப்ப, சிலாவத்தையில இருந்து நீங்கள் சைக்கிள் மிதிக்க, இவர் பின்னால கரியரிலயோ?

புனிதம்: ஓம் டொக்டர். வழி முழுக்கச் சனம் பாத்துச் சிரிச்சது. இவருக்குக் கோவம்.

மத்தேயு: கோவமில்லை. வெக்கம்.

டொக்டர்: கையை நீட்டுங்கோ மத்தேயு... விரலை விரியுங்கோ. எவ்வளவு நாளா இந்த நடுக்கம்?

மத்தேயு: அது... கிழிஞ்ச வலை பொத்தேக்க மட்டும்தான்.

புனிதம்: பொய். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிச்சாலும் பாதி நிலத்தில.

டொக்டர்: குடிக்கிறனீங்களோ?

மத்தேயு: பாத்தியோ, டொக்டரும் அதைத்தான் கேக்கிறா!

புனிதம்: வள்ளக்காரச் சம்மாட்டியும் அதைத்தான் கேட்டவர், டொக்டர். குடிகாரனைக் கடலுக்கு ஏத்தேலாதாம். குடியில்லையெண்டு உங்களிட்ட ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போனா ஏத்துவாராம். அதுக்குத்தான் வந்தனாங்கள்.

டொக்டர்: எப்பவும் கடல்தொழில்தானோ?

மத்தேயு: கடல்தான்.

புனிதம்: இடையில இந்தியா. தொண்ணூறில சண்டைக்கு ஓடினனாங்கள், போன வருசம்தான் திரும்பினது. அங்க அகதி முகாமில இருந்து லொறியில ஏத்தி ஒரு பக்ரறிக்குக் கொண்டு போவாங்கள். நூல் செய்யிற பக்ரறி. பட்டு மாதிரி மினுங்கும். ஆனா பஞ்சில இல்லை டொக்டர், மரத்தில!

மத்தேயு: மரக்கூழ். அட்டை அட்டையா வரும்.

டொக்டர்: ம்... அங்க என்ன வேலை செய்தனீங்கள்?

புனிதம்: இவர் வெளியில. லொறியில வாற அட்டையை இறக்கிறது. நான் நூல் போடுற பெட்டி அடிக்கிற கொட்டிலில.

டொக்டர்: அவரைச் சொல்ல விடுங்கோ. அந்த அட்டையை என்ன செய்வாங்கள்?

மத்தேயு: காஸ்ரிக் சோடாத் தண்ணியில ஊறப்போட்டு, பிழிஞ்சு, உதிர்ப்பாங்கள். பிட்டு மாதிரி வரும். அதை ஒண்டு ரெண்டு நாள் வைச்சிருந்து, பெரிய பீப்பாவில போட்டு மூடி, ஒரு மருந்தை உள்ளுக்கு விட்டுச் சுத்துவாங்கள். வெள்ளைப் பிட்டு செம்மஞ்சளாகும். கரைச்சாத் தேன். அந்தத் தேனைச் சின்னச் சின்னத் துவாரத்தால அசிட் தொட்டிக்குள்ள பிழிய, நூல்.

புனிதம்: முதல் பிட்டு, பிறகு இடியப்பம்!

டொக்டர்: அந்த மருந்து எப்பிடி மணக்கும்?

மத்தேயு: அழுகின கோவா இலை மாதிரி. முதல் கிழமைதான் அப்பிடி. பிறகு மூக்குக்கு ஒண்டும் தெரியாது.

டொக்டர்: வெளியில லொறியடியில நிண்ட ஆளுக்கு அது எப்பிடி மணந்தது?

மத்தேயு: அது... காத்தில வரும்.

டொக்டர்: பீப்பாவை ஆர் துப்பரவாக்கிறது, மத்தேயு?

மத்தேயு: ...நான்தான்.

புனிதம்: என்ன?

மத்தேயு: மூடியைத் திறந்து, உள்ளுக்கு இறங்கி, ஒட்டினதைச் சுரண்டவேணும். மூண்டு வருசம்.

புனிதம்: லொறியடியில எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்!

மத்தேயு: தொட்டியடிக்குப் பொம்பிளையள் வேணுமெண்டு கங்காணி நிண்டவன். அந்த அசிட்டுக்குள்ள நீ... நான் பீப்பாவுக்குள்ள இறங்கிறன், மனுசியைப் பெட்டிக் கொட்டிலில விடு எண்டன். ஓம் எண்டவன்.

புனிதம்: என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை.

மத்தேயு: கேட்டா விட்டிருப்பியே?

டொக்டர்: சரி, சரி... இது குடியில்லை. அந்த மருந்தின்ர ஆவி நரம்பில ஏறியிருக்கு. கால் விறைக்கிறதோ?

மத்தேயு: செருப்புக் கழண்டு விழுந்தாலும் தெரியாது. மாறுமோ டொக்டர்?

டொக்டர்: கொஞ்சம் குறையும். முழுக்க மாறுமெண்டு சொல்லமாட்டன். விற்றமின் குளிசை கொஞ்சம் கிடக்கு, தாறன். அதுக்கு மேல இஞ்ச மருந்து ஒண்டும் வாறேல்லை. குடிகாரன் இல்லையெண்டு துண்டும் தாறன். ஆனா கடலுக்கு விடமாட்டன். கரையில வேலை குடுக்கச் சொல்லி எழுதுறன்.

மத்தேயு: கரையிலயோ... பொம்பிளையளோட குந்தியிருந்து மீன் தெரிஞ்சு பிரிக்கிறதோ?

புனிதம்: பிரிச்சா என்ன? நானும் அங்கதானே இருக்கிறன்.

மத்தேயு: அது சரி... நீ இருக்கிறாய்.

டொக்டர்: இன்னுமொண்டு கேக்கவேணும். கண் எப்பிடி, மத்தேயு? அந்தத் தொட்டியடியில நிக்கிற ஆக்களுக்குக் கண் எரியும். விளக்கைப் பாத்தா...

புனிதம்: சுத்திவர வளையம் தெரியும். வானவில்லு மாதிரி.

மத்தேயு: எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே.

டொக்டர்: நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை, புனிதம்.

மத்தேயு: இஞ்ச பார்... என்னைப் பார். நீ பெட்டியெல்லோ அடிச்சனி?

புனிதம்: ஓம். நீங்கள் லொறியடியில நிண்ட அந்த மூண்டு வருசமும், நான் பெட்டிதான் அடிச்சனான்.