மதகோரம் முள் கிடந்தது

கிராவல் என்கிற சரளைப் பாதையில் ஓட்டுகிற சைக்கிளுக்கு டயரில் காற்று கொஞ்சம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். கல்லு மாதிரி அடித்து வைத்தால் வண்டி துள்ளும், இடுப்பு போய்விடும். இதை எனக்குச் சொன்னவள் என் மகள் கார்குழலி. பட்டறையிலேயே தலை நரைத்தவனுக்குக் காற்றடிக்கச் சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். சிரித்தாள். அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. சொல்கிறேன். என் பெயர் மதிவாணன். வீடு சாரம் பகுதியில். தட்டாஞ்சாவடியில் ஒரு லேத்துப் பட்டறையில் சூப்பர்வைசர். என் மனைவி மாலா இறந்த பிறகு வீட்டில் நானும் குழலியும்தான். சர்க்கரை ஏறி, கட்டிலும் டிவியுமாக நான் கிடந்தபோது அவள் எனக்கு ஒரு கிராவல் சைக்கிள் வாங்கி வந்தாள். அன்று முதல் ஞாயிறு என்றால் எங்களுக்கு வாய்க்கால் கரைதான். அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி பாகூர் போய், பங்காரு வாய்க்கால் கரையில் ஏறிவிடுவோம். பழைய காலத்து வாய்க்கால். யார் வெட்டியது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மேடு பள்ளம் கிடையாது, செம்மண்ணும் சரளையுமாகக் கரை நீண்டுகொண்டே போகும். எனக்கே மூச்சு வாங்காது.

அவள் எப்போதும் முன்னால் போவாள். ஒவ்வொரு மதகிலும் ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்ப்பாள். "ஆலே, ஆலே. சீக்கிரம் வாப்பா," என்பாள். பிரெஞ்சு வகுப்பில் கற்றது. நான் பக்கத்தில் வந்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்த பிறகுதான் கிளம்புவாள். என்னை நின்று கூட்டிப்போக உலகத்தில் ஒரு ஆள் இருந்தது. அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

பிரெஞ்சு எதற்குப் படிக்கிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நம் ஊரில் அதை யார் கேட்கிறார்கள்? கார்த்திகையில் ஒருநாள் தோசை சுட்டுக்கொண்டே, துலூஸ் என்கிற பிரெஞ்சு நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பொங்கல் முடிந்ததும் கிளம்ப வேண்டும் என்றாள். "ரெண்டு வருஷந்தாம்ப்பா. அப்பறம் உன்னையும் கூட்டிக்கறேன்."

"போய்ட்டு வாம்மா," என்றேன். நான் கத்துகிற ஆளில்லை. பட்டறையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எதிர்வீட்டுக் கிருஷ்ணசாமியின் மகனும் இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் போனான். கிருஷ்ணசாமி செத்தபோது செல்போனில் முகம் காட்டி அழுதான். அந்த போனைப் பிணத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அன்றைக்கு வந்த பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். என் மகளுக்குக் கல் மனசு இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டறையில் கோபிநாத் என்று ஒரு ஃபிட்டர். வெளியூரில் நல்ல வேலை கிடைத்த நேரத்தில் வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தான். அவன் எழுந்து நடப்பதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். இப்போது எங்களோடுதான் இருக்கிறான், கல்யாணம்கூட ஆகிவிட்டது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நான் நினைத்தது அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை, மழைக்குப் பிறகு கரை எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தனியாகப் போனேன். பெரிய மதகுக்குப் பக்கத்தில் அம்மாவாசை என்கிற விவசாயி முள் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். கரையை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. எங்களைப் பார்த்தால் எப்போதும் கையெடுப்பார்.

"இப்படி போவாதீங்க சார்," என்றார். "தண்ணி உள்ளாற கொடஞ்சி வெச்சிருக்குது. மேல பாத்தா நல்லாத்தான் தெரியும். வெயிட்டு ஏறுனா சரிஞ்சிடும். மண்ணு கொட்டற வரிக்கும் முள்ளு கெடக்கட்டும்."

அந்தப் பக்கத்தில் இதற்கெல்லாம் போர்டு வைப்பதில்லை. கரை கெட்டால் வேலிகாத்தான் கிளையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைப்பார்கள். கல் இருந்தால் அது ஆள் போட்ட முள், காற்றில் வந்து விழுந்ததில்லை என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவர் போனபின் கல்லை இறக்கி வைத்தேன். கிளையை இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பக்கச் சரிவில் தள்ளினேன். சைக்கிள் ஓட்டுகிறவன் பாதையில் முள்ளைக் கண்டால் எடுத்துத்தான் போடுவான். பிறகு ஒரு கழியை விட்டுத் தண்ணீரின் ஆழம் பார்த்தேன். இடுப்பளவு. முழுகிப்போக வழியில்லை. அடியில் சேறு, தலை அடிபடாது. மதகுக் கட்டையில் கால் மோதும். வேறு யாராவது வந்து விழுந்துவிடப் போகிறார்களே என்று இருட்டுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் பொறுப்பில்லாத மனுஷன் இல்லை, ஐயா.

மறுநாள் காலையில் நாங்கள்தான் முதலில் போனோம். கிளம்பும்போது அவள் ஹெல்மெட் வாரை நானே இறுக்கிவிட்டேன். மதகு நெருங்கியதும், "நடுவுல சரளை பேந்து கெடக்குது, தண்ணி ஓரமா போம்மா," என்றேன். "சரிப்பா," என்று ஓரமாகப் போனாள். நான் சொன்னதை அவள் தட்டியதே இல்லை.

கரை சத்தமே இல்லாமல் சரிந்தது.

நான் ரொம்பப் பின்னால் இருந்தேன், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னீர்கள். என் சத்தம் கேட்டு ஓடிவந்து மண்வெட்டியால் அவளை மூடிய மண்ணை வாரியவர் அம்மாவாசை. கடைசியில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினார். அவளைத் தூக்கிக் கரையில் கிடத்தியதும் அவர்தான். கரை கெட்டது தெரிந்தும் முள் போடாமல் விட்டவன் என்று அவரையே இந்த ஸ்டேஷனுக்குப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். சைக்கிள் ஓட்டுகிற நண்பர்களும் அப்படித்தான் மனு கொடுத்தார்கள். என்னிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டேன்.

நேற்று அவர் மனைவி வீராயி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு முள்ளு போட்டாரு சார். கல்லு கூட வெச்சாராம். போட்ட முள்ளு எங்கடான்னு கேட்டு அடிக்கறாங்க. புள்ளய பறிகுடுத்த வூட்ல வந்து கேக்கக் கூடாதுதான். ஆனா நீங்க ஒரு வார்த்த சொன்னா வுட்ருவாங்க."

புருஷனுக்காக அழுதவள் என் மகளுக்காகவும் அழுதாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால் வந்தேன். அம்மாவாசை முள் போட்டார், எடுத்தது நான். கிளை இன்னும் அந்தச் சரிவிலேயே கிடக்கும், ஆள் அனுப்பிப் பாருங்கள். இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள், அவள் விழும்போது உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருந்தாய் என்று.

பக்கத்தில்தான் இருந்தேன். கெட்டியான மண்ணில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு.

அவள் இடுப்புவரை தண்ணீரில், கரையை ஒட்டிச் சாய்ந்து கிடந்தாள். சைக்கிள் அவள்மேல் கிடந்தது. முகமெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"பயந்துட்டியா? ஒண்ணும் ஆவலப்பா, காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சைக்கிள்தான் மாட்டிக்கிச்சி. கை குடு, ஏறிடறேன்."

அவள் தலைக்கு மேலே கரையில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகலமானது. அது எனக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. குனிந்திருந்தால் எட்டும் தூரம்தான். இழுத்திருந்தால் வந்திருப்பாள். வியாழக்கிழமை விமானத்திலும் ஏறியிருப்பாள்.

"அப்பா, கைய குடு," என்று மறுபடியும் சொன்னாள். காலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன், ஐயா. அவள் கையை நீட்டிக்கொண்டேதான் இருந்தாள்.