மச்சான் பிடிக்கும் கயிறு

டீ வேண்டாம் ஐயா. பட்டாளத்தை விட்டு வந்ததிலிருந்து மதியத்துக்கு மேல் டீ குடித்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. நடந்ததை நானே எழுதித் தருகிறேன் என்றதும் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் சிரித்தார். மலைக்காரனுக்கு எழுத வருமா என்று நினைத்திருப்பார். என் கையெழுத்து அவர் கையெழுத்தைவிட நன்றாகவே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கோபால்சாமி, வயது நாற்பத்தொன்பது. புதூர்நாட்டுக்கு மேலே முப்பது வீடு உள்ள சிற்றூர் என்னுடையது. 1955இல் பட்டாளத்தில் சேர்ந்து, பதினேழு வருடம் கழித்து 1972 கடைசியில் வெளியே வந்தேன். அந்தப் பதினேழு வருடத்தில் என்மேல் ஒரு புகார்கூடக் கிடையாது.

பட்டாளத்தில் பதவி என்பது சட்டையில் தைத்துக்கொள்வது. சிப்பாய்க்கு ஒன்றுமில்லை. லான்ஸ் நாயக்குக்குக் கையில் ஒரு பட்டை, நாயக்குக்கு இரண்டு, அவில்தாருக்கு மூன்று. அதற்கும் மேலே நாயப் சுபேதார், சுபேதார். அவர்களுக்குத் தோளில் நட்சத்திரம் உண்டு, தனியாகச் சாப்பிட இடம் உண்டு, பெயருக்குப் பின்னால் 'சாப்' உண்டு. நான் ஏழு வருடத்தில் நாயக் ஆனேன். அதோடு நின்றுபோனேன். மூன்றாவது பட்டைக்குப் படிப்புப் பரீட்சையும் மேப் பரீட்சையும் எழுத வேண்டும், அதுவும் இந்தியில். எந்தக் காட்டிலும் வழி தப்பாதவன் நான். காகிதத்தில் போட்ட காட்டில் மூன்று தடவையும் தொலைந்துபோனேன். தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் நானும் சுபேதார்தான்.

எங்கள் ஊர்த் தீர்த்தகிரி பட்டாளத்துக்கு எனக்கு இரண்டு வருடம் பின்னால் வந்தவன். வேலூரில் ஆள் எடுத்தபோது அவனைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். வெறும் வயிற்றோடு ஓட நின்றவனுக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் என் தங்கை மாதம்மாளையும் அவனுக்கே கட்டிக்கொடுத்தேன். எல்லாப் பரீட்சையையும் முதல் தடவையிலேயே தாண்டினான். எங்கள் கம்பெனியிலேயே அவில்தார் ஆனான். காலையில் வரிசையில் நான் நிற்பேன், அவன் பெயர் கூப்பிடுவான். என் பெயர் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான். எனக்கு அவன்மேல் கோபம் இருந்ததே இல்லை. இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஊர் திரும்பிய அன்று ஆலங்காயத்திலிருந்து ஜீப்பில் ஏறி வந்தேன். என் டிரங்குப் பெட்டியின் மேல் நாயக் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எங்கள் ஊரில் அதைப் படிக்க ஆளில்லை. ஊர்க்கவுண்டர் அர்ச்சுனன் புளியமரத்தடியில் எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கோபாலு, இன்னா பதவியில வந்துக்கீறப்பா?"

"சுபேதார்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. பதினேழு வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை, கேட்டதும் வந்துவிட்டது. கவுண்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்துக் கல்லைத் தட்டி, "உக்காருங்க சுபேதாரே" என்றார். அதுவரை என்னை வாடா போடா என்று கூப்பிட்ட மனிதர் அவர். அன்றிலிருந்து கோயில் திருவிழாவில் எனக்கு இரண்டாவது மரியாதை. வரப்புத் தகராறா, பெண் கேட்பதா, என்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது. எங்கள் வீடு சுபேதார் வீடு ஆனது. நான் அந்தப் பதவிக்குத் தகுந்தபடிதான் நடந்துகொண்டேன். குடித்ததில்லை, யாரிடமும் கை நீட்டியதில்லை, தினமும் முகம் மழித்தேன்.

அடுத்த வருடம் தீர்த்தகிரி லீவில் வருகிறான் என்று தெரிந்ததும் நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தான். மரத்தடியில் ஊர் கூடியிருந்தது. "அதோ சுபேதாரு வர்றாரு" என்று யாரோ என்னைக் காட்டினார்கள். அவன் எழுந்தான். குதிகால் இரண்டையும் ஒன்றாக இடித்து, நெஞ்சு நிமிர்த்தி, எனக்கு சல்யூட் வைத்தான்.

"ராம் ராம், சுபேதார் சாப்."

அந்த நிமிடம் அவன் காலில் விழுந்திருப்பேன். பதிலுக்கு சல்யூட் வைத்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. ஒவ்வொரு லீவிலும் அதே சல்யூட். அவன் நாயப் சுபேதார் ஆன வருடமும் வைத்தான், நிஜ சுபேதார் ஆன வருடமும் வைத்தான். நிஜ சுபேதார் ஒரு நாயக்குக்கு முன்னால் விறைத்து நின்று சல்யூட் வைத்ததை நீங்கள் எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். வாங்கிக்கொள்கிறவனுக்கு அது கன்னத்தில் விழுவதுபோல இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. 1980இல் பென்ஷனில் வந்து சேர்ந்தான். கவுண்டர் என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவனிடமும் கேட்டார்.

"மச்சானுக்கு ஒருபடி கீழங்க" என்றான் அவன்.

இருபத்து மூன்று வருடம் உழைத்து வாங்கிய நட்சத்திரத்தை எனக்காகக் கழற்றி வைத்தான். நல்லவன்தான். அவ்வளவு நல்லவன் பக்கத்து வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தில் ஒரு கவனம் வரும். புண்ணில் படாமல் கட்டுப் பிரிக்கிறவனுடைய கவனம். காலையில் கண் விழித்ததும் நான் நினைப்பது அந்த முகமாகத்தான் இருந்தது.

மறுவருடம் முன்னாள் படைவீரர்களுக்கு நிலம் கொடுப்பதாக ஒரு விண்ணப்பப் பாரம் வந்தது. பட்டாளத்து நடைமுறைக் காகிதமெல்லாம் அவனுக்குத்தான் பழக்கம். என்னுடையதையும் அவனே பூர்த்தி செய்து, மடித்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

"மச்சான், ஆபீஸு காயிதத்துல பொய் எழுதக்கூடாதுங்க. நாயக்குன்னுதான் எழுதிக்கீறேன். ஊருல யாருக்கும் தெரியாதுங்க. நான் பாத்துக்கறேன்."

எட்டு வருடத்தில் நாயக் என்ற வார்த்தையை அவன் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். காகிதத்தை எரித்திருந்தால் போதுமே என்று கேட்பீர்கள். காகிதம் என்னைப் பார்த்துப் பரிதாபப்படவில்லையே. நான் பாத்துக்கறேன் என்றானே, அதை எதில் போட்டு எரிப்பது?

இனி தேன்பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குக் கிழக்கே இருபது ஆள் உயரச் செங்குத்துப் பாறை. வைகாசியில் அதன் நெற்றியில் மலைத்தேனீ அடை அடையாகக் கட்டும். தேன் எடுக்கிறவன் கயிற்று வளையத்தில் உட்கார்ந்து மேலிருந்து இறங்குவான். கயிற்றை மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை அடிமரத்தில் கட்டி, மேலே ஒரே ஒரு ஆள் பிடித்திருப்பான். அந்த ஆள் இறங்குகிறவனுடைய பெண்டாட்டிக்குக் கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும். அண்ணன் பிடிக்கக் கூடாது, தம்பி பிடிக்கக் கூடாது, பெற்ற அப்பனே ஆனாலும் கூடாது. பங்காளிக்குப் பங்கில் கண் இருக்கும். மச்சான் மட்டும்தான் தங்கை தாலிக்குப் பயந்து பிடிப்பான். அதனால் வேறு யாரும் மேலே வரவே மாட்டார்கள். மச்சான் தனியாகத்தான் இருப்பான்.

பட்டாளத்தில் இருந்த வருடங்களில் தீர்த்தகிரி தேனுக்கு இறங்கியதில்லை. பாரம் வந்த வருடத்து வைகாசியில் இறங்குகிறேன் என்றான். வெயில் பாறைமேல் விழுவதற்கு முன் போய்விட்டோம். ஊர்க்காரர்கள் சின்னராசுவும் பழனியும் கீழே பச்சைத் தழையைப் போட்டுப் புகை மூட்டினார்கள். மேலே நாங்கள் இரண்டு பேர் மட்டும். வளையத்தில் உட்காரும் முன் அவன் நேராக நின்றான். வெறுங்கால், குதிகாலை இடித்தால் சத்தம்கூட வராது. சல்யூட் வைத்தான்.

"உத்தரவு, சுபேதார் சாப்."

"இங்க யாரு கீறாங்கன்னு வெக்கற?" என்றேன்.

அவன் சிரித்தான். "பழகிப்போச்சுங்க மச்சான்."

ஊருக்காக நடிக்கிறான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். நடிப்பென்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு. இவனுக்குப் பழகிவிட்டது. நான் சாகும் வரை இவன் எனக்கு சல்யூட் வைப்பான், செத்தபிறகு என் பாடைக்கும் வைப்பான். இது எனக்குத் தெளிவாகத் தெரிந்தபோது அவன் பாறை விளிம்பைத் தாண்டிவிட்டான்.

இறக்கினேன். ஒரு இழுப்பு என்றால் இறக்கு, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் தூக்கு. அவன் இரண்டு தடவை இழுத்தான், நிறுத்தினேன். முதல் அடையை அறுத்துக் கூடையில் போட்டான் என்று கயிற்றின் கனத்திலேயே தெரிந்தது. நான் அவசரப்படவில்லை. முதலில் அடிமரத்து முடிச்சை அவிழ்த்தேன். பிறகு சுற்றை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். கடைசிச் சுற்றையும் எடுத்ததும் முழுக் கனமும் என் இரண்டு உள்ளங்கையிலும் இறங்கியது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அவன் மூன்று தடவை இழுத்தான். பிறகு மறுபடியும் மூன்று தடவை. கையை விட்டேன்.

கத்தினானா என்று எனக்குத் தெரியாது. தேனீக்களின் சத்தம் பெரிதாக இருந்தது. கீழே ஆட்கள் ஓடுவது கேட்டதும் தலையில் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துவிட்டு விளிம்பில் போய் நின்றேன். முகம், கழுத்து, கை என்று கொட்டவிட்டேன். பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமே. நிறைய வலித்தது.

தேனீ மொய்த்ததில் கை நழுவிவிட்டது என்றேன். அடிமரத்து முடிச்சு எப்படி அவிழ்ந்தது என்றுகூட யாரும் கேட்கவில்லை. கயிறு பிடித்தவன் மச்சான், அதற்கு மேல் என்ன கேட்பது? உங்கள் ஆட்களும் வந்து அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். மாதம்மாள் புருஷனைக் கிடத்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து வந்து, வீங்கிய என் முகத்துக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

"எவ்ளோ நேரம் தாங்கிப் புடிச்சியோ, உங் கையப் பாரு" என்று என் உள்ளங்கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

நான்கு வருடம் ஆகிறது. இப்போதும் எதையும் பிடிக்காமல் சும்மா இருந்தால் கையில் அந்தக் கனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பட்டப்பகலில் வரும், சோற்றில் கை வைத்திருக்கும்போதும் வரும். மூன்று தடவை இழுக்கும். எண்ணிக்கொண்டிருப்பேன், மறுபடியும் மூன்று. தேன்பாறைக்கு யாரும் போவதில்லை. அடைகள் பெருகிவிட்டன. காற்று கிழக்கிலிருந்து வீசினால் வீட்டு வாசல் வரை அந்த ரீங்காரம் வருகிறது. மனைவி மங்கம்மாள், "எனுக்கு ஒண்ணும் கேக்கலியே" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்வதில் வெட்கமில்லை.

ஆனாலும் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். போன மாதம் மாதம்மாள் ஒரு தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே புருஷன் பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முன்பெல்லாம் தபால்காரர் அருணகிரி புளியமரத்தடியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், ஊரே நின்று கேட்கும். எங்கள் மலையில் கடிதம் ஒருவருக்கு வருவதில்லை, ஊருக்கு வரும்.

"அவுரு பேசறதே மறந்துபோவுதுண்ணா. நீ படி, கேட்டுக்கறேன்."

படித்தேன். நான்காவது கடிதம் 1972 டிசம்பர் தேதியிட்டது. நான் ஊர் வருவதற்கு இரண்டு வாரம் முந்தியது. அதில் இப்படி எழுதியிருந்தான்:

'மச்சான் பென்ஷனில் வருகிறார். நாயக்காகவே வருகிறார். மேலே போகவில்லை என்ற வருத்தம் அவருக்கு நிறைய. அங்கே வந்து பெருமையாக ஏதாவது பதவி சொன்னால் யாரும் மறுத்துப் பேச வேண்டாம் என்று கவுண்டரிடம் சொல். ஊரும் அப்படியே கூப்பிடட்டும். நானும் அப்படியே நடந்துகொள்வேன். என்னை ஆளாக்கியவர் அவர்.'

நிறுத்திவிட்டேன். மாதம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இது ஊருக்கே தெரிஞ்சதுதாண்ணா. தபால்காரரு அன்னிக்கே படிச்சாரு. அதுக்கின்னா இப்போ? அடுத்தத படி."

அடுத்ததையும் படித்தேன். பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன். என் குரல் மாறவில்லை.

ஆக, கவுண்டர் கல்லைத் தட்டி உட்காரச் சொன்னபோதே அவருக்குத் தெரியும். திருவிழாவில் மாலை போட்டவர்களுக்குத் தெரியும், பெண் கேட்க என்னை முன்னால் அனுப்பியவர்களுக்குத் தெரியும். மங்கம்மாளிடம் கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதத் தொடங்கினாள். பன்னிரண்டு வருடமாக முப்பது வீடும் என்னைக் கையில் வைத்துத் தாங்கியிருக்கிறது. யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் எதைக் காப்பாற்றினேனோ, அது தெரியாதவன் அந்த ஊரில் ஒருவனும் இல்லை.

எனவே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். 1981 வைகாசியில் என் தங்கை புருஷன் சுபேதார் தீர்த்தகிரியைக் கயிற்றை விட்டுக் கொன்றது நான்தான். கை நழுவவில்லை. யாரும் தூண்டவில்லை. என்ன தண்டனை ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன், மேல்முறையீடு செய்ய மாட்டேன். ஆனால் விசாரணை என்று வந்தால் என் ஒருவனோடு நிறுத்தாதீர்கள், அந்த முப்பது வீட்டையும் விசாரியுங்கள். அவர்களில் ஒரே ஒருவர் என் முகத்துக்கு நேராக "நீ நாயக்குதானே" என்று கேட்டிருந்தால் என் தங்கை கழுத்தில் இன்றைக்குத் தாலி இருந்திருக்கும். அதை அறுத்தது அவர்கள் கொடுத்த மரியாதை. நான் கையைத்தான் விட்டேன்.