சோறு வடித்த நேரம்

— உதை ஏன் இஞ்சை தூக்கிக்கொண்டு வந்தனீங்கள், குகதாசண்ணை?

— பயித்தங்காய், உதயா. ஒரு ஓலைக் கடகந்தான். இருந்த இடத்திலை இருந்து முறிச்சுத் தா, காணும். சண்டிலிப்பாயிலை ஆழ்வாப்பிள்ளை வாத்தியார் நேற்றுப் பின்னேரம் செத்துப்போனார்.

— அறிஞ்சன்.

— பிள்ளையள் எல்லாம் கனடாவிலை. இரண்டு பக்கமும் பூட்டின வீடு. செத்தவீட்டிலை அடுப்பு மூட்டேலாது, அயல்தான் சமைச்சுக் குடுக்கோணும். அயல் எங்கை கிடக்கு? இப்ப நாங்கள்தான் அயல்.

— உந்தப் பிரசங்கம் எனக்கேன்? செத்தவீடுகளுக்குச் சமைக்கிற எங்கடை வட்டத்துக்கு ‘அயலார்’ எண்டு பேர் வைச்சதே நான்.

— அதுதானே! பேர் வைச்சவ தாயின்ரை எட்டுச் செலவுச் சடங்குக்குப் பிறகு தலை காட்டேல்லை. உன்ரை இடத்திலை நிண்ட இராசமலரக்கா குழம்புக்கு உப்புப் போட்டு, போட்டதை மறந்து திருப்பியும் போட்டு, அழ வந்த சனம் அழுகையை விட்டிட்டுத் தண்ணி கேட்டுது.

— சிரிப்புக் காட்டாதேங்கோ.

— சிரிச்சிட்டாய், நான் கண்டனான். கடகத்தைக் கிட்ட வைக்கட்டோ?

— வையுங்கோ. ஆனால் நான் முறிக்க மாட்டன்.

— இஞ்சை பார் பிள்ளை. கை ஓடினால் மனம் ஆறும். உனக்குத் தெரியாததே? உன்ரை மனுசன் செத்தாப் பிறகு மாசக்கணக்கா அறைக் கதவு திறக்காமல் கிடந்தனீ. ஆர் எழுப்பினது?

— நீங்கள்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. வந்த ஆக்கள் எல்லாரும் ஆறுதல் சொல்லிச்சினம். நீங்கள் ஒராள்தான் வாசலிலை நிண்டு, “தங்கச்சி, தேங்காய் திருவ ஒரு ஆள் குறையுது” எண்டியள்.

— எழும்பி வந்தியோ இல்லையோ?

— வந்தன். அண்டைக்குத்தான் நித்திரையும் கொண்டன். ஆருக்கோ நான் தேவைப்படுறன் எண்ட நினைப்பு மருந்து மாதிரி அண்ணை. அது பொய்யில்லை.

— அப்ப அதே மருந்தைத்தானே இப்பவும் கொண்டு வந்திருக்கிறன்?

— அம்மான்ரை செத்தவீட்டண்டு நான் எங்கை நிண்டனான்? சொல்லுங்கோ.

— பக்கத்து வளவுக் கொட்டிலிலை, எங்களோடை. அகப்பையும் கையுமா. நான் படம் பிடிச்சு வட்ஸப்பிலை போட்டனானெல்லோ. “தாய் கிடக்கேக்கையும் கடமையிலை நிக்கிற எங்கடை உதயா” எண்டு. லண்டனிலையிருந்தெல்லாம் இதயம் போட்டவை.

— ஓம். நானும் ஒரு கும்பிடு போட்டனான்.

— பிறகென்ன?

— வாய்க்கரிசி போட வரச்சொல்லிக் கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை. அடுப்படியிலை ஒரே இரைச்சல். நான் சோறு வடிச்சுக்கொண்டு நிண்டன். கை துடைச்சு ஓடி வரேக்கை பெட்டியை மூடி ஒழுங்கையாலை கொண்டு போயிட்டினம். வந்த சனத்துக்கெல்லாம் என்ரை கையாலை சோறு போச்சுது. அம்மான்ரை வாய்க்கு மட்டும் ஒரு பிடி அரிசி போகேல்லை.

— ஏன் பிள்ளை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?

— எப்பிடிச் சொல்லுறது? எங்களுக்குள்ளை ஆராவது ஆரையாவது “எப்பிடி இருக்கிறாய்” எண்டு கேட்டிருக்கிறமோ? “அரிசி எவ்வளவு போடுறது” எண்டுதான் கேக்கிறது.

— அது குறையோ?

— குறை சொல்லேல்லை. துன்பம் எண்டது மற்றாக்களுக்கு வாறது, நாங்கள் அதுக்குச் சமைக்கிற ஆக்கள். அப்பிடியே பழகிப்போச்சு. எங்களுக்கு வந்தால் வெக்கமாக் கிடக்கு. எங்கடை யோசப்பினக்கா காய்ச்சலோடை நிண்டு சோத்துக் கிடாரம் கழுவினவ. நீங்கள் நெஞ்சுநோவெண்டு ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை, எழும்பிப் போய்ப் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தியள்.

— அவருக்கு ஒருத்தரும் இல்லையெல்லோ.

— பாத்தியளோ? நான் இப்ப கிளினிக்குக்குப் போறனான் அண்ணை. மனநோய் டொக்டரிட்டை.

— நீயோ? என்ன பிள்ளை, உனக்கென்ன விசரே?

— விசரில்லை. நித்திரை வருகுதில்லை. அழுகையும் வருகுதில்லை.

— டொக்டர் என்னவாம்?

— சின்னப் பெட்டை. உங்களுக்கு ஆர் துணை எண்டு கேட்டா. வட்டத்திலை இருக்கிற எல்லாற்றை பேரையும் மூச்சு விடாமல் சொன்னன். இவ்வளவு பேர் இருக்கிறது பெரிய பலம் எண்டா. பிறகு, “அவையிட்டைக் கடைசியா உங்களுக்கெண்டு என்ன கேட்டனீங்கள்?” எண்டா.

— என்ன சொன்னனீ?

— பெரிய கிடாரம் ஒண்டு கேட்டனான் எண்டன்.

— சரியாத்தானே சொல்லியிருக்கிறாய். கேட்டனீ, வாங்கினனாங்கள்.

— அவ சிரிக்கேல்லை, அண்ணை.

— நீ வட்டத்தை விட்டிட்டுப் போகப்போறாய். அதைத்தானே சுத்தி வளைச்சுச் சொல்லுறாய்?

— போனால் எனக்கு ஆர் இருக்கினம்? அம்மாவும் போனாப் பிறகு இந்த வீட்டிலை என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளில்லை. உங்களிட்டை வந்தால் பேர் சொல்லிக் கூப்பிடுவியள், அகப்பையைத் தருவியள். அதை வாங்கினனெண்டால் இனி இந்தப் பிறப்பிலை அழ மாட்டன். அந்தப் பயத்திலைதான் படலையைத் திறக்கிறதும் பூட்டிறதுமா நிக்கிறன்.

— நான் என்ன செய்யோணும் எண்டு சொல்லு, செய்யிறன். உப்பிடி இருந்து கதைக்க எனக்குத் தெரியாது பிள்ளை. எனக்கு ஓட்டோ ஓடத் தெரியும், அடுப்பு மூட்டத் தெரியும்.

— அது தெரியும்.

— பயித்தங்காயைக் கொண்டு போறன். நீ ஆறுதலா இரு. மனம் வரேக்கை வா, வராட்டியும் நான் மானிப்பாய்க்கு வந்து எட்டிப் பாப்பன்… பொறு, போன் அடிக்குது. வட்டத்து நம்பருக்கு ஆரோ. இனி எங்கை செத்தவீடோ… என்னப்பா இது, உன்ரை பேர் விழுகுது! முன்னாலை இருந்துகொண்டு ஏன் எனக்கு அடிக்கிறாய்?

— எடுங்கோ.

— விளையாடாதை பிள்ளை.

— மற்றாக்களுக்கு எடுக்கிற மாதிரி எடுங்கோ அண்ணை.

— …ஹலோ. அயலார் வட்டம். சொல்லுங்கோ.

— ஐயா, மானிப்பாயிலையிருந்து கதைக்கிறன். எங்கடை அம்மா தவறிட்டா. வீட்டிலை சமைக்க ஆளில்லை.