அப்படித்தானா அக்காவுக்கு நீண்ட விடுப்பு

மேடையில் வீற்றிருக்கும் நம் கம்பெனி உரிமையாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த அம்மையாரின் கணவர் அவர்களே, அவருடைய அருமை மகளே, மரப்பிரிவு, இரும்புப்பிரிவு, லாரிப்பிரிவுத் தோழர்களே! இந்த ஸ்டோர்க்காரனின் வணக்கம். எனக்கு மேடைப்பேச்சு வராது. போன வாரத்திலிருந்து தூக்கமும் வருவதில்லை. உட்கார்ந்தே பேசச் சொன்னார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது, நின்றே பேசிவிடுகிறேன்.

நம் மென்பொருள் பொறுப்பாளராக இருந்த அம்மையாரைப் பதவியைச் சொல்லி யாராவது அழைத்தோமா? இல்லை! ‘அப்படித்தானா அக்கா’ என்றுதான் அழைத்தோம். திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பிரிவாக நடந்து வருவார். “அண்ணே, இப்பவும் அப்படித்தானா?” என்று கேட்பார். பலகை இறக்குவது இப்போதும் பின்வாசலில்தானா? லாரிக்குச் சீட்டு கொடுப்பது இப்போதும் இவர்தானா? ஆமாம் என்றால் நம்பிவிடுவாரா? மாட்டார்! நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். “கண்ணால பார்க்காம நான் ஒண்ணையும் மாத்த மாட்டேண்ணே” என்பார். அவர் தலையைக் கண்டதும் டீ குடிக்க நழுவியவர்கள் எத்தனை பேர்! இரும்புப்பிரிவு மேஸ்திரி தலையைக் குனிந்துகொள்கிறார், பாருங்கள்.

ஏன் அப்படிக் கேட்டார்? நம் கம்பெனி மரக்கதவு மட்டுமே செய்த காலத்தில் வாங்கிய மென்பொருள் அது. ஆர்டர், சரக்கு, கொள்முதல், லாரி எல்லாம் அதற்குள்தான். பிறகு இரும்புக் கதவு செய்யத் தொடங்கினோம். அதை மென்பொருளிடம் சொன்னோமா? சொல்லவில்லை! அதுவோ, என்ன மரம் என்று சொல்லாமல் ஆர்டரை ஏற்காது. ஆர்டர் எடுப்பவர்கள் என்ன செய்தார்கள்? கைக்கு வாகாக இருந்த ‘தேக்கு’ என்பதைத் தொட்டுவிட்டுப் போனார்கள். இரும்புக் கதவெல்லாம் தேக்குக் கதவானது. மென்பொருளும் கடமை தவறாமல் தேக்கு வாங்கச் சொல்லிக்கொண்டே இருந்தது. என் ஸ்டோரில் கால் வைக்க இடமில்லை. திரும்பிய பக்கமெல்லாம் தேக்கு! கேட்ட இரும்புத் தகட்டை மட்டும் காணோம்.

எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கத்தினோம். அம்மையார் கத்தவில்லை. இரும்புப்பிரிவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தகடு வெட்டுவது முதல் பெயின்ட் காய்வது வரை பார்த்தார். பிறகுதான் மென்பொருளைத் திருத்தினார். திருத்தி முடித்துவிட்டு எங்களிடம் சொன்னார்: “உள்ளதைச் சொல்ல அதுல இடமில்லன்னா என்கிட்ட வாங்க. இருக்கிறதுல ஏதோ ஒண்ணைத் தொட்டுட்டுப் போகாதீங்க.”

அத்தோடு முடிந்ததா? முடிகிற வேலையா அது! ஜன்னல் வந்தது. வீட்டுக்கே போய் மாட்டித் தரும் வேலை வந்தது. இரண்டாவது ஆலை வந்தது. கம்பெனி ஓட ஓட, மென்பொருளையும் இழுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார். “எப்பதாம்மா இது முடியும்?” என்று ஒருநாள் கேட்டேன். “வீடு பெருக்குறது என்னிக்காவது முடிஞ்சிருக்காண்ணே?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்த அலுப்பு எனக்குத் தெரியும். உதவிக்கு ஓர் ஆள் கேட்டார். மறுபடியும் கேட்டார். உரிமையாளர் அவர்களே, தப்பாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் சொன்னது ஒன்றுதான்: “அதான் நீங்க இருக்கீங்களேம்மா!”

இருந்தார். இப்போது இல்லை.

நேற்று இரண்டாவது ஆலையிலிருந்து போன். புது அறுவை இயந்திரத்தை மென்பொருளில் சேர்க்க முடியவில்லை, ஜன்னல் வேலை நிற்கிறது என்றார்கள். எந்த மாற்றத்துக்கும் அம்மையாரின் ஒப்புதல் வேண்டுமே! ஆள் இல்லையென்றால் பொறுப்பு மேலே இருப்பவருக்குப் போக வேண்டும், ஏன் போகவில்லை என்று கேட்க ஊழியர் பிரிவுப் பெண்ணிடம் போனேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைக் காட்டினாள். வேலையை விட்டவர், ஓய்வு பெற்றவர், நீண்ட விடுப்பில் இருப்பவர். இவ்வளவுதான் அதில் இருந்தது. இறந்தவருக்கு இடமே இல்லை. “மத்ததைப் போட மனசு வரல சார். லீவுன்னு போட்டுட்டேன்” என்றாள்.

தோழர்களே, மறுபடியும் தேக்கு! அவர் போன சூட்டோடு சூடாகத் தேக்கைத் தொட்டுவிட்டோம்! அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை. எனக்கும் மனசு வந்திருக்காது. ஆனால் நமக்கெல்லாம் தெரிந்தது அந்த மென்பொருளுக்கு இன்னும் தெரியாது. அக்கா லீவு முடிந்து வருவார் என்று, எல்லா வேலையையும் அவர் பெயருக்கே அனுப்பிவிட்டு அது காத்திருக்கிறது.

நாளைக் காலை அந்தப் பெண்ணும் நானும் திரைக்கு முன் உட்காரப் போகிறோம். இல்லாத இடத்தை உண்டாக்கி, உள்ளதைச் சொல்லப் போகிறோம். அதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும், உரிமையாளர் அவர்களே. அம்மையார் கேட்டுக் கிடைக்காத ஆளையும் இந்த மேடையிலேயே கேட்கிறேன். ஒருவர் போதாது, இருவர் வேண்டும். தலையசைக்கிறீர்கள். நன்றி. இதை அவர் இருந்தபோதே செய்திருக்கலாம்.

அந்த இருவரும் வரும்வரை திங்கட்கிழமைகளில் நான் நடக்கிறேன். முட்டி வலிக்கும், பரவாயில்லை. தயவுசெய்து டீ குடிக்க நழுவிவிடாதீர்கள். ஸ்டோர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது: “அண்ணே, இப்பவும் அப்படித்தானா?”

இல்லம்மா. இப்ப அப்படி இல்லம்மா.