கழுத்தில் ஒரு பொய்யெலும்பு

இங்கிலாந்துக் கடலோர விட்பிக்கு வரும் அன்பர்களே, மழை பிடித்தால் எங்கள் ஊர்க் காட்சிக்கூடத்தில் ஒதுங்குங்கள், கூரை ஒழுகாது. ஒதுங்கிய கையோடு, அங்கே நடந்திருக்கும் அநீதியையும் கண்ணாரக் காணுங்கள். கண்ணாடிப் பேழையில் நீள்கழுத்துக் கடற்பல்லி ஒன்று கல்லாய்க் கிடக்கிறது. பிளிசியோசாரஸ் என்பது கற்றவர் இட்ட பெயர். கழுத்தெலும்புகள் நாற்பது. அவற்றுள் ஒன்று மரம். கரி பூசிய மரம்.

இது எங்கள் ஊரின் பழைய நோய். பாறையில் சுருண்டு கிடக்கும் கல்நத்தைக்குப் பாம்புத் தலை செதுக்கி, புனிதவதி ஒருத்தியின் சாபத்தால் கல்லான நாகம் என்று விற்பார்கள். அந்தப் பொய்யை எதிர்த்துப் பதினோரு ஆண்டுகள் மேடையேறினேன், துண்டறிக்கை அச்சிட்டேன். ஊரிலேயே கைதேர்ந்த தலைசெதுக்கி ஆமோஸ். அவன் என் நண்பன்.

சென்ற மார்ச்சில், கடல் உள்வாங்கியிருந்த காலைவேளையில், நாங்கள் இருவரும் கரையில் நின்றபோது பாறைச்சரிவு நிகழ்ந்தது. ஒரு பலகைக்கல் ஆமோஸின் தொடைமேல் விழுந்தது. அந்தக் கல்லின் முகத்தில்தான் இந்தக் கழுத்து, ஒரு கணுவும் குலையாமல் பதிந்திருந்தது. சம்மட்டியால் ஐந்தாறு அடி போட்டால் கல் பிளக்கும், அவன் மீள்வான், கழுத்து தூளாகும்.

"போடுடா சைலஸ், என்ன வேடிக்கை பாக்குற?"

"பொறு. எலும்பை எடுத்துட்டு அடிக்கிறேன்."

"அட மேடைப்புலி, ஒடைச்சுத் தள்ளுடா. எத்தனை ஒடையுதோ அத்தனையும் நான் செதுக்கித் தர்றேன். உன் பேராசிரியருங்களுக்கே அடையாளம் தெரியாது."

இந்தச் சொல்லைத்தான் நீங்கள் எடைபோட வேண்டும். உயிர் ஊசலாடும்போதும் அவன் பொய்யையே விலை பேசினான். நான் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிற்றுளியை எடுத்தேன்.

அவசரப்படவில்லை. பதினைந்தாம் எலும்பைப் பெயர்த்தபோது ஏறிவந்த அலை அவன் இடுப்பைத் தொட்டது. நான் சாக்கில் அடுக்கியிருந்தவற்றில் கைக்கெட்டிய ஒன்றை அவன் எடுத்து வலக்கையில் இறுக மூடிக்கொண்டான்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். வேணும்னா என்னையும் சேத்து எடு."

மற்ற முப்பத்தொன்பதையும் நான் கரையேற்றி முடித்தபோது அவன் பேச்சு நின்றிருந்தது. கொன்றது கடல், வேளை தவறாமல் வருவது அதன் இயல்பு.

மறுநாள் உடல் கிடைத்தது. விரல்கள் விரியவில்லை. அவன் மனைவி டோர்கஸிடம் எவ்வளவோ பணிந்து கேட்டேன். "பிரிக்காதீங்கண்ணே, அவருக்கு வலிக்கும்" என்று சொல்லி அப்படியே புதைத்துவிட்டாள். காட்சிக்கூடத்தாரோ அந்த இடத்தில் மரத்தைச் செருகிவிட்டுக் கைத்தூசி தட்டிக்கொண்டார்கள். நான் அனுப்பிய மனுக்கள் மூன்றும் பிரிக்கப்படாமலே திரும்பின.

இனியும் பொறுப்பீர்களா? எழுந்து வாருங்கள். குன்றின் மேலுள்ள இடுகாட்டில், வடக்குச் சுவரை ஒட்டிய நான்காம் குழியைத் தோண்டுங்கள். வலக்கை. விரல்களை மெல்லப் பிரியுங்கள். அந்த எலும்பில் ஒரு கீறலும் விழக்கூடாது.